இரத்தம் சுமந்த கூலி: 99000-க்குக் காசு எடுக்கும் வழி

ஹட்டன் நகரில் காலை ஏழு மணிக்கே இரத்தப் பரிசோதனைக்கு ஆள் சேர்ந்துவிடும். வெறும் வயிற்றோடு வந்தவர்கள் ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டிக்கொண்டு வாங்கில் உட்கார்ந்திருப்பார்கள். ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம், சிவப்பு மூடிக் குழாயில் கொஞ்சம். பெயரும் நேரமும் எழுதிய ஸ்டிக்கரை ஒட்டி, ஐஸ் பொதியோடு ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்து, கண்டிக்கோ கொழும்புக்கோ ஏற்றிவிடுவார்கள். நோயாளியின் கையில் வரும் பில்லில் பரிசோதனையின் பெயரும் தொகையும் மட்டும் இருக்கும். பெட்டி கட்டிய கூலியும் மலை இறக்கிய கூலியும் தனி வரியாக இருக்காது.

அமெரிக்காவில் அந்த வேலைக்குத் தனி எண்ணே உண்டு. கிளினிக்கில் எடுத்த மாதிரியைப் பக்குவம் செய்து வெளி ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது 99000. எண் இருந்தால் காசும் வரும் என்று நம்பித்தான் மெடிக்கல் பில்லிங் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் மாதத்திலேயே வழுக்குகிறார்கள்.

சென்னையில் பல்லாயிரம் வீடுகளில் அடுப்பெரிய வைத்திருக்கும் இந்த வேலை, இலங்கையிலும் நடக்கிறது. நியூயோர்க்கில் காலை ஒன்பது மணி அடிக்கும்போது இங்கே மாலை ஆறரை, குளிர்காலமென்றால் ஏழரை. அம்மா மலையிலிருந்து இறங்கி, முகம் கழுவி, தேநீர்க் கோப்பையோடு உட்காரும் நேரத்தில் மகள் ஹெட்போனை மாட்டுகிறாள். டிக்கோயாப் பக்கத்து லயம் ஒன்றிலிருந்து அப்படி வேலை செய்யும் ஒரு பெண், தொடங்கிய மாதத்தில் நாற்பது க்ளெய்ம்களில் 99000 போட்டார். நாற்பதிலும் அந்த வரி பூச்சியத்தோடு திரும்பியது. அவர் நாற்பதுக்கும் அப்பீல் எழுதி முடித்த பிறகுதான் தலவாக்கலையைச் சேர்ந்த மூத்தவர் ஒருவர் ஃபைலைத் திறந்து பார்த்தார்.

“ஏன் தங்கச்சி, கொழுந்த மடுவத்துக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு அம்மாவுக்குத் தனியாவா காசு போடுறாங்க? அது பேருக்குள்ள அடக்கம்தானே.”

மலையகத்துப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது. நாள் சம்பளம் ஒரு பேர். கொழுந்து பறிப்பது, கூடையைச் சுமப்பது, மடுவத்தில் வரிசையில் நின்று நிறுப்பது எல்லாம் அந்தப் பேருக்குள் அடக்கம். கைக்காசுக்குப் பறிக்கிற நாளில் மட்டும் கிலோவுக்கு இவ்வளவு என்று தனிக் கணக்கு. 99000-ஐக் கையில் எடுக்கிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுதான்: இந்தக் காப்புறுதி நிறுவனம் சுமைக்கூலியைப் பேருக்குள் அடக்குகிறதா, கைக்காசாகத் தருகிறதா?

அதற்கு முன் எண்களைக் குழப்பாமல் இருக்க வேண்டும். நரம்பில் ஊசி போட்டு இரத்தம் எடுத்தால் 36415. விரல் நுனியிலோ குழந்தையின் குதிகாலிலோ குத்தி எடுத்தால் 36416. எடுத்ததைக் கிளினிக்கிலிருந்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் வேலை 99000. கிளினிக் அல்லாத இடத்தில், உதாரணமாக நோயாளியின் வீட்டில், எடுத்து அனுப்பினால் 99001. மாதிரியை வெளியே அனுப்பாமல் கிளினிக்கே பரிசோதித்தால் 99000-க்கு இடமில்லை. இவ்வளவும் ஒரு துண்டில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடலாம்.

அடுத்தது, வேலை நடந்ததற்கான சாட்சி. குழாயைத் தூக்கிப் பெட்டிக்குள் போட்டதெல்லாம் 99000 ஆகாது. மஞ்சள் மூடிக் குழாயென்றால் இரத்தம் உறைய அரை மணி நேரம் நிறுத்தி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, சீரம் பிரிந்ததைப் பார்த்து, தேவையென்றால் வேறு குழாய்க்கு மாற்றிக் குளிரில் வைத்து, ஆய்வுகூடத்தின் படிவத்தை நிரப்பிக் கட்டுவதுதான் வேலை. அதில் எது நடந்தது, எத்தனை மணிக்கு, எந்த ஆய்வுகூடத்துக்குப் போனது என்று நோயாளியின் குறிப்பில் ஒரு வரியாவது இருக்க வேண்டும். “இரத்தம் எடுக்கப்பட்டது” என்று மட்டும் இருந்தால் அது 36415-க்குத்தான் சாட்சி. குறிப்பில் இல்லாததை க்ளெய்மில் போடவே கூடாது. கிளினிக்குக்கு எழுதிக் கேட்டு, தாதியிடமிருந்து பதில் வரும்வரை அந்த வரியை நிறுத்தி வைப்பதே நல்லது. மூன்று குழாய் எடுத்தார்கள் என்று மூன்று யூனிட் போடுகிறவர்களும் உண்டு. ஒரு வருகையில் எத்தனை முறை நரம்பில் எடுத்தாலும், முதன்மையாக 65 வயதானவர்களுக்கான அரச காப்புறுதியான மெடிகேர் ஒரே ஒரு சேகரிப்புக் கட்டணம்தான் தரும். 99000-க்கும் ஒரு வருகைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் இரவில் நிம்மதியாகத் தூங்கலாம். இரவு வேலைக்காரர்கள் பகலில் தூங்கலாம்.

இனி வழுக்குகிற இடம்.

மெடிகேரின் கட்டணப் பட்டியலில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். பலர் தொகையைத்தான் பார்க்கிறார்கள், அந்த எழுத்தைப் பார்ப்பதில்லை. 99000-க்கு அங்கே இருப்பது ‘பி’ (B). வேறு வேலைக்குள் எப்போதும் அடங்கியது என்று பொருள். அன்றைக்கு வேறு எந்த வேலையும் நடக்காமல் மாதிரி மட்டுமே அனுப்பியிருந்தாலும் அடக்கம் அடக்கம்தான். நோயாளியிடம் கேட்டு வாங்கவும் முடியாது. 36416-க்கும் இதே ‘பி’.

டிக்கோயாப் பெண்ணின் நாற்பதில் ஒன்றை எடுத்துப் பார்த்தால் கதை முழுவதும் அதில் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டு க்ளெய்ம். மூன்று வரி. முதல் வரி வைத்தியரைப் பார்த்த 99213, அதற்குரிய பணம் வந்துவிட்டது. இரண்டாவது 36415, அதற்கு 8 டொலர் 57 சதம். மூன்றாவது 99000, பூச்சியம், பக்கத்தில் ‘சி.ஓ. 97’. இந்த 97 சொல்வது, கேட்கும் தொகை ஏற்கெனவே கொடுத்த வேறொன்றுக்குள் இருக்கிறது என்பது. முன்னால் நிற்கும் ‘சி.ஓ.’ இன்னும் முக்கியம்: ஒப்பந்தப்படி கிளினிக் கழித்துவிட வேண்டிய தொகை, நோயாளியின் தலையில் கட்டக் கூடாது. ‘பி.ஆர்.’ என்று இருந்தால்தான் நோயாளிக்குப் பில் போகும். இந்த இரண்டெழுத்தைப் பார்க்காமல் முதியவர் ஒருவருக்குப் பத்து டொலர் பில் அனுப்பினால், அடுத்த வாரம் அவருடைய மகள் கிளினிக்குக்குப் போன் எடுப்பார். அதற்கடுத்த நாள் கிளினிக் இங்கே எடுக்கும்.

அந்தப் பெண் செய்த இரண்டாவது பிழை முதலாவதை விடப் பெரியது. அடக்கம் என்று வந்ததைப் பிரித்துக் காட்டுவதற்காக 59 என்ற மொடிஃபையரைச் சேர்த்து மறுபடி அனுப்பினார். ‘பி’ போட்ட கதவை எந்த மொடிஃபையரும் திறக்காது. 59 வேறு வேறு வேலைகள் என்று காட்டுவதற்கானது. அதைச் சாவிக்கொத்துப் போல எல்லாப் பூட்டிலும் நுழைத்துப் பார்க்கிற கிளினிக் தணிக்கைக்காரர் கண்ணில் படும். மூத்தவர் நாற்பது அப்பீலையும் திருப்பி எடுக்கச் சொன்னார். அதற்கு ஒரு முழு இரவு போனது.

மெடிகேர் தராது என்றால் யார் தருவார்கள்? ஏழைகளுக்கான மெடிகெய்ட் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தனியார் நிறுவனங்களில் பெரியவை பல மெடிகேரைப் பார்த்தே எழுதிக்கொள்கின்றன. சில கொடுக்கும், அதுவும் ஒப்பந்தத்தில் இருந்தால். வேலையிடக் காயங்களுக்கான காப்புறுதிக்குப் பல மாநிலங்கள் தனிப் பட்டியல் வைத்திருக்கின்றன. பொதுவாக இப்படித்தான் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாமல், அந்தந்த நிறுவனத்தின் கட்டணக் கொள்கையைத் திறந்து 99000 என்று தேடுவதுதான் வழி. கிடைக்காவிட்டால் போன் எடுக்கலாம். ஆனால் “இதற்குக் காசு தருவீர்களா” என்று கேட்டால், க்ளெய்மை அனுப்பினால் தெரியும் என்றுதான் மறுமுனை சொல்லும். கேட்க வேண்டிய விதம் வேறு: இந்த வைத்தியரின் ஒப்பந்தத்தில், 11-ஆம் இடக் குறியீட்டில், அதாவது கிளினிக்கில், 99000-க்கு அனுமதித்த தொகை எவ்வளவு? அடக்கமென்றால் எந்தக் கொள்கைப்படி? பதில் சொன்னவரின் பெயர், நாள், அழைப்பு எண் மூன்றையும் எழுதி வைக்காத அழைப்பு, எடுக்காத அழைப்புக்குச் சமம்.

அப்படி ஒவ்வொன்றாகக் கேட்டு அந்தப் பெண் ஒரு சி.ஆர். கொப்பியில் பட்டியல் போட்டார். இடப்பக்கம் நிறுவனம், நடுவில் ‘பேர்’ அல்லது ‘கைக்காசு’, வலப்பக்கம் தொகை. எக்ஸெல் இருக்கும்போது கொப்பி எதற்கு என்று கேட்கலாம். கரண்ட் போன இரவுகளில் கொப்பிதான் கைகொடுத்தது. அதன் பிறகு அவர் அப்பீல் எழுதுவது ‘கைக்காசு’ என்று குறித்த நிறுவனம் 97 போட்டுத் திருப்பினால் மட்டும். கடிதத்தோடு ஒப்பந்தத்தின் பக்கம், தாதியின் குறிப்பு, அழைப்பு எண் மூன்றும் போகும். ‘பேர்’ என்று குறித்தவற்றில் மினக்கெடுவதில்லை. அந்த நேரத்தை 36415 விட்டுப்போன க்ளெய்ம்களைத் தேடுவதில் செலவிடுகிறார். ஊசி போட்ட கூலியைக் கேட்க மறந்துவிட்டு, பெட்டி கட்டிய கூலிக்குச் சண்டை போடுகிற கிளினிக்குகள் ஏராளம்.

வீடு தேடிப் போய் இரத்தம் எடுக்கும் ஆய்வுகூடங்களுக்கு நிலைமை கொஞ்சம் மேல். முதியோர் பராமரிப்பு இல்லத்தில் எடுத்தால் மெடிகேர் 2023-இல் கொடுத்தது 10 டொலர் 57 சதம். அதற்கு மேல் பயணப்படியும் உண்டு. ஒரே இடத்துக்குப் போய்வரும் தூரம் 20 மைலுக்கு மேலென்றால் மைல் கணக்கில் P9603, 20 மைலோ அதற்குக் குறைவோ என்றால் ஒரே தொகையாக P9604. ஒரே பயணத்தில் ஐந்து பேரைப் பார்த்தால் தொகையை ஐந்தாகப் பங்கிட வேண்டும். வழியில் ஓடிய மைல்தான் கணக்கு. எதிர் மலையில் கண்ணுக்குத் தெரியும் லயத்துக்குப் போக அரை மணி நேரம் வளைந்து சுற்றும் ஊர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: ஆய்வுகூடத்தின் ஆள் கையால் இரத்தம் எடுத்திருக்க வேண்டும். இல்லத்துத் தாதி எடுத்து வைத்ததை வாங்கிக்கொண்டு வந்தால் அவர் வெறும் தபால்காரர். படி இல்லை.

காப்புறுதி தராத கூலியை ஆய்வுகூடமே கொடுத்துவிட்டால் என்ன? இந்தக் குறுக்கு வழி அமெரிக்காவில் ஏற்கெனவே ஓடிப் பார்த்து, நீதிமன்றத்தில் முடிந்த வழி. வேர்ஜீனியா மாநிலம் ரிச்மண்டில் இருந்த ஹெல்த் டயக்னொஸ்டிக் லெபோரட்டரி என்ற நிறுவனம், தனக்கு இரத்தம் அனுப்பிய வைத்தியர்களுக்குப் ‘பக்குவம் செய்து கையாண்ட கூலி’ என்ற பெயரில் பணம் கொடுத்தது. ஒரு நோயாளியை அனுப்பினால் 10 முதல் 17 டொலர் வரை கிடைத்தது என்பது அரசின் குற்றச்சாட்டு. 2014 ஜூனில் சுகாதாரத் துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம், இப்படிக் கொடுப்பது இலஞ்சத் தடைச் சட்டத்தில் மாட்டும் என்று சிறப்பு எச்சரிக்கை விட்டது. 2015 ஏப்ரலில் அந்த நிறுவனம் 4 கோடியே 70 இலட்சம் டொலருக்கு வழக்கைத் தீர்த்துக்கொண்டது. இரண்டு மாதத்தில் திவாலுக்கு விண்ணப்பித்தது. 2018-இல் தென் கரோலினாவில் ஜூரி தீர்ப்பு வந்த பிறகு, அதன் முன்னாள் தலைமை அதிகாரிக்கும் விற்பனை முகவர்களுக்கும் எதிராக 11 கோடியே 40 இலட்சம் டொலருக்கு மேல் செலுத்தும்படி உத்தரவானது. ஆகவே கிளினிக்கின் கணக்கில் ஆய்வுகூடத்திடமிருந்து ‘ஹேண்ட்லிங்’ என்று ஏதாவது வரவு தெரிந்தால், பில்லிங் செய்கிறவர் அதைத் தொடாமல் மேலாளரிடம் எழுத்தில் சொல்லிவிட வேண்டும். வாயால் சொன்னால் போதாது.

கெடுக்களும் உண்டு. மெடிகேருக்கு சேவை நாளிலிருந்து ஓராண்டுக்குள் க்ளெய்ம் போக வேண்டும், முதல் அப்பீலுக்கு 120 நாள். தனியாரில் ஒப்பந்தம் சொல்வதே கெடு. அதில் க்ளெய்ம் அனுப்பும் கெடு பெரும்பாலும் ஓராண்டைவிடக் குறைவு.

கடைசியாக, ஜனவரி முதலாம் திகதி. எண்களும் தொகைகளும் பெரும்பாலும் அன்றைக்குத்தான் மாறும். நரம்பில் இரத்தம் எடுப்பதற்கு மெடிகேர் நெடுங்காலம் 3 டொலரிலேயே நின்றது. 2023 ஜனவரியில்தான் அது 8 டொலர் 57 சதமாக ஏறியது. ஒரு கிளினிக்கின் மென்பொருளில் 36415-இன் விலை பழைய மூன்றாகவே கிடந்தது. கிளினிக் கேட்ட தொகை, பட்டியல் தொகை இரண்டில் எது குறைவோ அதைத்தான் மெடிகேர் கொடுக்கும். ஆகவே ஒவ்வொரு ஊசிக்கும் மூன்று டொலர் ஒழுங்காக வந்தது. டினையல் எதுவும் வராததால் மே மாதம்வரை யாரும் கவனிக்கவில்லை. டிக்கோயாப் பெண் தன் கொப்பியில் வலப்பக்க நிரலை மட்டும் இப்போது பென்சிலால் எழுதுகிறார்.