நகோமியின் துக்கமும் ஆண்டவரின் இரக்கமும்

வாசிக்க வேண்டிய பகுதி: ரூத்தின் புத்தகம், 1 முதல் 4 வரையான அதிகாரங்கள்



ரூத்தின் புத்தகம் நான்கே அதிகாரங்கள் கொண்டது. ஊரை விட்டுப் போன ஒரு கமக்காரக் குடும்பத்தின் கதை அது. 1990இலும் 1995இலும் 2009இலும் வயலையும் வளவையும் விட்டு எழும்பிய எங்களுக்கு அந்நியமான கதையல்ல. துக்கத்தில் இருப்பவரிடம் ஆண்டவரின் இரக்கம் எந்த வழியாக வந்து சேருகிறது என்பதை இப்பாடத்தில் படிப்போம்.

1. குடும்பத்திற்கு நடந்தது

பெத்லகேம் என்றால் அப்பத்தின் வீடு என்று பொருள். அந்த ஊரிலேயே பஞ்சம் வந்தது. எலிமெலேக்கு தன் மனைவி நகோமியையும் இரண்டு ஆண் மக்களையும் கூட்டிக்கொண்டு, சாக்கடலுக்குக் கிழக்கேயுள்ள மோவாபுக்குப் போனான். அங்கே அவன் இறந்தான். மக்கள் இருவரும் மோவாபியப் பெண்களை மணந்தார்கள். ஏறக்குறைய 10 ஆண்டுகளின் பின் அவர்களும் இறந்தார்கள். நகோமி தன் மருமகள் ரூத்தோடு ஊருக்குத் திரும்பினாள். அது வாற்கோதுமை அறுவடை தொடங்கிய காலம்.

2. முறையிடுவது அவிசுவாசம் அல்ல

ஊர்ப் பெண்கள் நகோமியை அடையாளம் கண்டு கூடினார்கள். இனிமை என்று பொருள்படும் தன் பெயரால் தன்னைக் கூப்பிட வேண்டாம், கசப்பு என்று பொருள்படும் மாரா என்ற பெயரால் கூப்பிடுங்கள் என்றாள் அவள். நிறைவாகப் போன தன்னை ஆண்டவர் வெறுமையாகத் திரும்பி வரச் செய்தார் என்றும் முறையிட்டாள்.

இதற்காக யாரும் அவளைக் கண்டித்ததாக வேதாகமம் சொல்லவில்லை. ஆண்டவரும் கோபிக்கவில்லை. சங்கீதப் புத்தகத்தின் 150 சங்கீதங்களிலும் பல இப்படியான புலம்பல்களே. லாசருவை எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்தும், இயேசு அவனுடைய கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார் (யோவான் 11).

ஆகவே பிள்ளையை இழந்த தாயிடம் "அழாதே, எல்லாம் கடவுள் சித்தம்" என்று அவசரப்பட்டுச் சொல்லாதிருப்போம். "செய்த பாவத்துக்குத் தண்டனை" என்று சொல்வது அதைவிடக் கொடியது. உடலைக் கூடக் காணாமல், இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் காத்திருப்பவர்களின் முன்னால் பேச்சைக் குறைத்து, பக்கத்தில் இருப்பதே மேல்.

3. இரக்கம் வயல் வழியாக வந்தது

நகோமிக்கு வானத்திலிருந்து குரல் எதுவும் கேட்கவில்லை. தேவதூதர் வரவில்லை. வந்தது தானியம்.

அறுவடையில் வயலின் ஓரத்தை முற்றாக வெட்டக்கூடாது, சிந்திய கதிரைத் திரும்பப் பொறுக்கக்கூடாது, அவை ஏழைக்கும் அந்நியருக்கும் உரியவை என்பது இஸ்ரவேலருக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை (லேவியராகமம் 19). வயலில் மறந்து விட்ட அரிக்கட்டையும் அந்நியருக்கும் அநாதைக்கும் விதவைக்கும் விட்டுவிட வேண்டும் (உபாகமம் 24). கதிர் பொறுக்கினவர் பிச்சை எடுக்கவில்லை, தமக்குரியதை எடுத்தார். ஆண்டவரின் இரக்கம் அங்கே ஊர்வழக்கமாகவே இருந்தது.

போவாஸ் அந்தக் கட்டளைக்கு மேலும் செய்தான். தாகத்துக்குத் தண்ணீர் காட்டினான். சாப்பாட்டு நேரத்தில் கூட இருத்தினான். வேண்டுமென்றே கதிர்களைச் சிந்திவிடும்படி வேலையாட்களிடம் சொன்னான். அன்று மாலை ரூத் தட்டி எடுத்தது ஒரு ஏப்பா, அதாவது சுமார் 22 லீற்றர். எங்கள் கணக்கில் அரைப் புசலுக்குச் சற்று மேல். தான் சாப்பிட்டு மீந்த வறுத்த தானியத்தையும் மாமியாருக்குக் கொண்டுவந்தாள்.

அதைக் கண்டபோதுதான் நகோமியின் வாயிலிருந்து முதன்முறை துதி வந்தது. உயிரோடிருப்பவர்களை மட்டுமல்ல, இறந்துபோனவர்களையும் ஆண்டவர் தம் தயவிலிருந்து தள்ளிவிடவில்லை என்று உணர்ந்தாள். இங்கே தயவு என்பதற்கு எபிரேய மொழியில் உள்ள சொல் ஹெசெட். மனம் மாறாமல், விட்டுப் போகாமல் இருக்கும் அன்பு என்று அதற்குப் பொருள். தூர இடத்தில் எங்கள் கல்லறைகளை விட்டு வந்த நாங்கள் இதைப் பிடித்துக்கொள்ளலாம். எங்களால் போய்ப் பார்க்க முடியாதவர்களை ஆண்டவர் மறப்பதில்லை.

4. காணியும் நீதியும்

எலிமெலேக்கின் காணி பற்றிய விடயம் ஊர்வாசலில், பத்து மூப்பர் முன்னிலையில் தீர்க்கப்பட்டது. ஒரு விதவையின் காணி உரிமை ஊரறியப் பேசப்பட்டது. ஆறுதல் என்பது இதையும் சேர்த்தே.

முடிவில் ரூத்துக்கு ஓபேத் பிறந்தான். நகோமி அவனை மடியில் வைத்து வளர்த்தாள். அவன் தாவீது அரசனின் பாட்டன். ஆனால் இறந்த மூவரும் திரும்பி வரவில்லை. குழந்தை அவர்களுக்குப் பதிலாக வந்தவனும் அல்ல. துக்கம் இருந்த மடியிலேயே ஆண்டவர் ஒரு குழந்தையையும் கொடுத்தார். துக்கம் ஆறிய பிறகே இரக்கம் வரும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

குழுவாகச் சிந்திக்க

1. எங்கள் துக்கத்தில் யார் சொன்ன வார்த்தை நோகச் செய்தது? யார் செய்த எந்தச் சிறு உதவி தாங்கியது?

2. செத்தவீட்டுக்கும் முப்பத்தோராம் நாளுக்கும் எல்லாரும் போகிறோம். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போகிறவர் யார்?

3. எங்கள் அரிவு வெட்டில், தோட்டத்தில், கிணற்றடியில் மற்றவருக்கென்று விடக்கூடிய ஓரம் எது?

4. காணி உறுதியோ மரண அத்தாட்சிப் பத்திரமோ இல்லாமல் அலையும் ஒரு பெண்ணோடு பிரதேச செயலகத்துக்குக் கூடப் போக எங்களில் யாருக்கு முடியும்? நாளையும் ஆளையும் இன்றே தீர்மானியுங்கள்.

செபம்

இரக்கமுள்ள ஆண்டவரே, வெறுமையாய் வந்த நகோமியின் முறைப்பாட்டைப் பொறுமையோடு கேட்டீரே, எங்கள் முறைப்பாட்டையும் கேளும். நாங்கள் இழந்தவர்களை உம் கையில் விடுகிறோம். எங்கள் பக்கத்து வீட்டில் அழுகிறவருக்கு உமது இரக்கம் எங்கள் கைகளால் போய்ச் சேரட்டும். ஆமென்.