கழுத்துத் துணி: புதிதாக வந்தவர்களுக்கு

குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டு வார்டிலிருந்து வீடு திரும்பும் தம்பிகளே, தங்கைகளே, எனக்கு அந்த ஆபரேஷன் நடந்து 14 வருடம் ஆகிறது. கழுத்துத் துளைக்கு மேல் போடும் துணியைப் பற்றி எனக்கு யாரும் விவரமாகச் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

1. துளையை ஊர் கண்ணிலிருந்து மறைக்கத்தான் துணி என்று நானும் முதலில் நினைத்தேன். வீட்டில் யாரும் இல்லாதபோது கழற்றி வைத்துவிடுவேன். அது தப்பு. மூக்கு காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியைப் பிடித்துவைத்து நுரையீரலுக்கு அனுப்பியது. இப்போது காற்று நேரே மூச்சுக்குழாயில் இறங்குகிறது. சளி கொட்டுவதும் இருமல் வருவதும் அதனால்தான். நாம் வெளியே விடும் மூச்சின் ஈரத்தைத் துணி பிடித்துக்கொண்டு, உள்ளே இழுக்கும் காற்றோடு கொஞ்சம் திருப்பித் தருகிறது. தனியாக இருந்தாலும், தூங்கும்போதும், அது கழுத்தில் இருக்கட்டும்.

2. பல தடவை துவைத்துப் பழகிய பருத்தி வேட்டியோ மல் துணியோ போதும். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், ஈரத்தை உறிஞ்சாது. நன்றாக அலசிய பிறகு தையுங்கள். இரண்டு மூன்று மடிப்பு, மேலே நாடா, கீழ்ப்பக்கம் தளர்வாக. ஓரத்தை மடித்து அடிக்காவிட்டால் நூல் பிரிந்து துளைக்குள் போகும். போட்டுக்கொண்டு மெதுவாகப் பத்துப் படி ஏறிப் பாருங்கள். துணியால் மூச்சு முட்டினால் ஒரு மடிப்பைக் குறையுங்கள். நைலான் வேண்டவே வேண்டாம்.

3. பஞ்சும் டிஷ்யூ பேப்பரும் துளைக்குப் பக்கத்தில் வரக்கூடாது. ஒரு கல்யாண வீட்டில் கைக்குட்டை இல்லாமல் டிஷ்யூவால் துடைத்தேன். சளியில் நைந்து ஒரு துணுக்கு உள்ளே போய்விட்டது. அது வெளியே வரும்வரை இருமி இருமி என் மனைவியை அழவைத்தேன். அன்றிலிருந்து சட்டைப் பையில் இரண்டு பருத்திக் கைக்குட்டை.

4. துணி நனைந்தால் உடனே மாற்றுங்கள். சளி காய்ந்து மொரமொரப்பான துணி தோலை அறுக்கும், நாற்றமும் வரும். எட்டுப் பத்துத் துணி தைத்து வைத்துக்கொண்டால் அலைச்சல் இல்லை. வெந்நீரில் சோப்புப் போட்டுத் துவைத்து, சோப்பு போக அலசி, வெயிலில் காயப்போடுங்கள். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும்.

5. கடையில் ஒட்டும் ஃபோம் சதுரங்கள் கிடைக்கின்றன. அவை ஒரு தடவைக்குத்தான். கழுவி மறுபடி ஒட்டாதீர்கள். ரேடியேஷன் வாங்கிய தோலில் பசை எரிச்சல் தந்தால் விட்டுவிடுங்கள். ஈரத்தைக் காப்பதற்கென்றே செய்த, துளைமேல் பொருத்தும் கேசட், துணியைவிட நல்லது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. தினமும் புதிது வேண்டும், செலவு ஆகும். வசதி இருந்தால் டாக்டரைக் கேட்டு அதையே போடுங்கள்.

6. சித்திரை, வைகாசி வெயிலில் சளி காய்ந்து பொருக்காகும். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து கட்டிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த அளவில் சலைன் சொட்டு விடுங்கள். பொருக்கை நகத்தால் பிய்க்காதீர்கள். வறட்சியில் சளியோடு மெல்லிய ரத்தக் கோடு வரலாம். நிற்காவிட்டாலும், அதிகமானாலும் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

7. குளிக்கும்போது தண்ணீர் மார்புக்குக் கீழேதான். தலைக்கு ஊற்ற முன்னால் குனிந்துகொள்ளுங்கள். ஆறு, குளம், கிணறு இனி நமக்கு இல்லை. சாம்பிராணிப் புகை, கொசுவத்தி, முகப் பவுடர் மூன்றையும் துணி தடுத்துவிடும் என்று நம்பாதீர்கள், தள்ளி இருங்கள்.

8. இது வீட்டிலுள்ளவர்களுக்கு. நாங்கள் மயங்கி விழுந்தால் முதலில் கழுத்துத் துணியை விலக்குங்கள். ஆக்ஸிஜன் மாஸ்க்கை மூக்கில் வைத்துப் பயனில்லை, கழுத்துத் துளையில் வையுங்கள். ஆம்புலன்ஸில் வருபவருக்கு இது தெரியாமல் போகலாம். அதனால் இதை ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, எங்கள் சட்டைப் பையில் இன்றைக்கே வைத்துவிடுங்கள்.