சக்கிமுக்கித் துப்பாக்கிப் பித்து

கேள்வி: அமெரிக்காவில் சிலர் 18ஆம் நூற்றாண்டு உடையில் காட்டில் கூடாரம் அடித்து, கையால் செய்த சக்கிமுக்கித் துப்பாக்கியோடு திரிகிறார்களாமே! கடையில் வாங்கினால் ஆகாதா?

பதில்: வாங்கலாம், வாங்குகிறவர்களும் உண்டு. ஆனால் ருசி செய்வதில் இருக்கிறது. பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மன் கொல்லர்கள், தாய்நாட்டுக் குட்டை ரைஃபிளை நீட்டி உருவாக்கியதுதான் இவர்கள் தூக்கித் திரியும் நீள ரைஃபிள். குழல் மட்டுமே பெரும்பாலும் 40 அங்குலத்துக்கு மேல். இரும்புப் பட்டையை உலையில் காய்ச்சி, ஒரு கம்பியைச் சுற்றி வளைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி ஒட்டவைப்பார்கள். பிறகு உட்சுவரில் சுருள் பள்ளங்களைக் கையாலேயே இழுத்து இழுத்து வெட்ட வேண்டும். அந்தப் பள்ளங்கள்தான் குண்டைச் சுழற்றிக் குறி தப்பாமல் அனுப்புகின்றன. வில்லியம்ஸ்பர்க் நகரில் வாலஸ் கஸ்லர் என்ற துப்பாக்கிக் கொல்லர் ஒரு ரைஃபிளை முழுக்க இப்படிச் செய்ததை 1960களில் படமாகவே எடுத்தார்கள்.

சுடுவதும் லேசில்லை. குதிரை கவ்வியிருக்கும் கல் எஃகில் உரச வேண்டும், பொறி கிண்ணியில் உள்ள வெடிமருந்தில் விழ வேண்டும், அந்தத் தீ சிறு துளை வழியே குழலுக்குள் போக வேண்டும். ஒரு தூறல் போதும், மருந்து நமுத்துவிடும்!

இவர்கள் நடித்துக் காட்டும் போர்க் காட்சிகளில் குண்டு போடமாட்டார்கள், வெறும் மருந்துதான். சட்டைத் தையல்வரை அசல் பார்க்கும் சிலர், தாங்கள் கூடாரம் அடிக்கும் நிலம் பழங்குடிகளுடையது என்பதை மட்டும் வசதியாக மறப்பது எனக்கு உறுத்தல்.

உங்களுக்கு ஆசை வந்திருந்தால் மலைக்காதீர்கள். அங்கேயே பலர் குழலையும் விசைப்பூட்டையும் விலைக்கு வாங்கிவிட்டு, மேப்பிள் மரக்கட்டையைச் செதுக்குவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.