பற்று நீங்குவது எங்ஙனம்?

'பற்றை விடு' என்று சொல்லுதல் எளிது, விடுவது எங்ஙனம்? பெற்ற மகவைப் பறிகொடுத்தவளிடம் 'ஆசையே துன்பத்துக்குக் காரணம்' என்று மட்டும் கூறினால் அது அவளுக்கு மருந்தாகாது. பெரியோர் காட்டிய வழியைச் சிறிது சிந்திப்போம்.

கீதை இரண்டாம் அத்தியாயம் 54-ஆம் ச்லோகத்தில், ஸ்திதப்ரஜ்ஞன், அதாவது நிலைத்த அறிவுடையவன், எப்படிப் பேசுவான், எப்படி இருப்பான் என்று அர்ஜுனன் வினவினான். கண்ணன் 18 ச்லோகங்களால் விடையளித்தான். அவற்றுள் முதல் நான்கில் ஞானநிஷ்டையின் நான்கு நிலைகளை ஸ்ரீராமாநுஜர் எடுத்துக் காட்டுகிறார். கண்ணன் உச்சிப் படியை முதலில் சொன்னான். ஏறவேண்டிய நாமோ அடிப்படியில் தொடங்கவேண்டும்.

முதற்படி, ஆமை உறுப்புக்களை உள்ளிழுப்பதுபோல் புலன்களை மீட்டல். இரண்டாவது, நன்மை வந்தபோது மகிழாமலும் தீமை வந்தபோது வெறாமலும் இருத்தல். மூன்றாவது, துன்பத்தில் கலங்காமல், விருப்பும் அச்சமும் சினமும் நீங்குதல். நான்காவது, ஆத்மாவிலேயே நிறைவு கண்டு ஆசைகள் யாவும் அகலுதல்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. விஷயங்களை விட்டவனுக்கும் அவற்றின் சுவை உள்ளத்தே நிற்கும். ஆத்மாவைக் கண்டாலன்றி அச்சுவை போகாது. புலன்களை வென்றாலன்றி ஆத்மாவைக் காணவும் இயலாது. இம்முடிச்சை 61-ஆம் ச்லோகம் அவிழ்க்கிறது. மனத்தைத் தன்னிடத்தில் வைக்கச் சொல்கிறான் கண்ணன். எம்பெருமானிடம் பதிந்த மனம் மாசு நீங்கித் தெளிகிறது. தெளிந்த மனத்துக்குப் புலன்கள் வசப்படுகின்றன என்பது பாஷ்யத்தின் கருத்து. ஆகவே வைராக்யம் என்பது நெஞ்சைக் கல்லாக்குவதன்று. நெஞ்சை உரிய இடத்தில் சேர்ப்பதேயாம்.

நம் புதுக்கோட்டைச் சீமையில் திருமங்கையாழ்வார் மங்களாசாஸனம் செய்த திருமெய்யம் இதற்குச் சான்று. மலையைக் குடைந்த குகையில் பெருமாள் அரவணைமேல் பள்ளிகொண்டிருக்கிறார். மது கைடபர் தீங்கிழைக்க வந்தபோது ஆதிசேஷன் நஞ்சை உமிழ்ந்து அவர்களை விரட்டினான். பின்னர், ஸ்வாமியைக் கேளாது செய்துவிட்டோமே என்று நடுங்கினான். பெருமாள் அவனைத் தேற்றியருளினார் என்பது ஸ்தலபுராணம். அசைவற்ற அந்த யோகநித்திரையிலும் அடியவனின் அச்சத்தை அவர் அறிந்தார். ஞானியின் அமைதி அன்பற்ற அமைதியன்று என்பது இதனால் விளங்கும்.

அதே மலையில் சிவாலயமும் உண்டு. இரு கோயில்களுக்கும் இடையே நெடுநாள் நிலவிய வழக்கை, 1245-ஆம் ஆண்டில் ஹொய்சள தண்டநாயகர் அப்பண்ணர் தீர்த்துவைத்ததை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. 'எனது' என்னும் எண்ணம் ஸந்நிதி வாசல்வரை தொடரும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? அதனாலன்றோ மமகாரமும் அகங்காரமும் நீங்கியவனே சாந்தியடைவான் என்று 71-ஆம் ச்லோகம் அறுதியிட்டது!

துயருற்றவர்கள் துயரை மறைக்கவேண்டுவதில்லை. அதனுடனேயே ஸந்நிதிக்கு வரலாம். இயன்ற அளவு நெஞ்சை அவன் திருவடியில் வைப்போம். மற்றவற்றை அவன் பார்த்துக்கொள்வான்.

சுபமஸ்து.