பழைய கீபோர்டு: பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

நம் குடும்பங்களில் குழந்தைகள் பியானோ கற்கத் தொடங்கினால் முதலில் வீட்டிற்கு வருவது எலக்ட்ரானிக் கீபோர்டுதான். மும்பை வீடுகளில் பியானோ வைக்க இடம் ஏது? பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆனதும் அது ஒவ்வொரு குறையாகக் காட்டும். "இது தேறாது, புதிது வாங்குங்கள்" என்பார் கடைக்காரர். அதற்கு முன் நாமே சில சோதனைகளைச் செய்து பார்க்கலாம்.

சென்ற ஆண்டு என் பேத்தி, "தாத்தா, ரெண்டு கட்டை பேசவே மாட்டேங்குது" என்றாள். அந்த இரண்டையும் அவள் ஓங்கி அடித்தே பழகிவிட்டாள். விரல் விறைத்துப் போகிறது என்று டீச்சர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. வாத்தியத்தின் கோளாறு பிள்ளையின் கையில் ஏறிவிடும், தள்ளிப்போடக் கூடாது.

ரயில்வே சிக்னல் பிரிவில் எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம்: கோளாறு எங்கே என்று தெரியுமுன் ஸ்க்ரூடிரைவரைத் தொடாதே. அதே வரிசையில் பார்ப்போம்.

1. மின்சாரம்

கீபோர்டுக்கு உயிரே வரவில்லை என்றால் முதலில் அடாப்டரைச் சோதியுங்கள். காஸியோவின் பழைய மாடல்கள் பலவற்றிற்கு 9 வோல்ட். பின்னின் உட்பகுதி மைனஸ். யமஹா மாடல்கள் பலவற்றிற்கு 12 வோல்ட், உட்பகுதி பிளஸ். பார்வைக்கு இரண்டு பின்களும் ஒன்றுபோல் இருக்கும். அவசரத்தில் வேறு ஒரு 12 வோல்ட் அடாப்டரை 9 வோல்ட் கீபோர்டில் செருகிய புத்திசாலி நான்தான்! நல்லவேளை, காப்பு டயோடு மட்டும் போனது. ஆகவே கீபோர்டின் மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவும், வட்டத்துடன் உள்ள பிளஸ் மைனஸ் குறியும் அடாப்டரோடு ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் கெடுதல் இல்லை, குறையக் கூடாது.

ஒலியோடு "ம்ம்" என்ற இரைச்சல் வந்தால் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி அடாப்டர். நிற்காவிட்டால் உள்ளே கெப்பாசிட்டர் உலர்ந்திருக்கலாம். அது மெக்கானிக் வேலை.

2. பேசாத கட்டைகள்

ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ரப்பர் பட்டையில் கறுப்புக் கார்பன் பொட்டு உண்டு. கட்டையை அழுத்தினால் அது சர்க்யூட் போர்டைத் தொடும். விரலின் வேகத்தை உணரும் கீபோர்டுகளில் கட்டைக்கு இரண்டு பொட்டுகள். முதல் பொட்டு தொடுவதற்கும் இரண்டாவது தொடுவதற்கும் உள்ள நேர இடைவெளியை வைத்தே ஒலியின் அளவு முடிவாகிறது. இதில் தூசி படிந்தால் கட்டை ஊமையாகும், அல்லது எப்படித் தொட்டாலும் அலறும்.

ஓரிரு கட்டைகள் மட்டும் கெட்டிருந்தால் பெரும்பாலும் தூசிதான். ஒழுங்கான இடைவெளியிலோ, அடுத்தடுத்த கூட்டமாகவோ பல கட்டைகள் பேசாவிட்டால் ரிப்பன் வயர், டயோடு, போர்டின் தடம் இவற்றில் கோளாறு இருக்கும்.

தூசி என்றால் மின்சாரத்தைத் துண்டித்து, பேட்டரியை எடுத்துவிட்டுத் திறக்கலாம். ஸ்க்ரூக்கள் நீளத்தில் வேறுபடும். எது எங்கிருந்து வந்தது என்று காகிதத்தில் வரைந்து வையுங்கள். வயர்களைக் கழற்றுமுன் போட்டோ எடுங்கள். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு போர்டைத் துடைக்க வேண்டும். கார்பன் பொட்டுகளை உலர்ந்த மெல்லிய துணியால் ஒற்றினால் போதும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். கார்பன் பூச்சு போய்விடும். பேத்தியின் இரண்டு கட்டைகளும் இப்படித்தான் பேசின. செலவு ஒரு சிறு பாட்டில் ஆல்கஹால், ஒரு ஞாயிறு பிற்பகல்.

3. எப்போது விட வேண்டும்?

ரப்பர் கிழிந்திருந்தால், அதே மாடலின் பட்டை லாமிங்டன் ரோடில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். ஒலி எழுப்பும் முக்கியச் சில்லு போயிருந்தால் அந்தச் செலவு வீண்.

இன்னொரு காரணமும் உண்டு. கற்பது கீபோர்டா, பியானோவா? டிரினிட்டி காலேஜ் லண்டன் தேர்வுகளில் இவை தனித்தனிப் பாடங்கள். பியானோவுக்கு 88 கட்டைகள். சாதாரணக் கீபோர்டுக்கு 61. பியானோவின் கட்டையில் சுத்தியலின் கனம் விரலுக்குத் தெரியும்; கீபோர்டில் அடியில் ஸ்பிரிங்தான். பியானோத் தேர்வுக்குப் போகும் பிள்ளைக்கு, எவ்வளவு நன்றாகப் பழுது பார்த்தாலும் 61 கட்டை போதாது. கனமுள்ள 88 கட்டைகள் கொண்ட டிஜிட்டல் பியானோ வாங்குவதே முறை.

எங்கள் வீட்டிலும் அதுதான் முடிவாயிற்று. சரிசெய்த பழைய கீபோர்டு இப்போது கீழ்வீட்டுச் சிறுவனிடம் இருக்கிறது. அவன் இப்போதுதான் ஸரளி வரிசை வாசிக்கிறான். அவனுக்கு அது தாராளம்.

பழுது பார்த்தது வீணாகவில்லை. உங்கள் வீட்டு மேல்தட்டிலும் ஒன்று உறங்கிக்கொண்டிருந்தால் இறக்கிப் பாருங்கள். பேட்டரியை மட்டும் உள்ளேயே விட்டு வைக்காதீர்கள். கசிந்தால் தகடுகளை அரித்துவிடும்.