தகடு மூடுவதற்கு முன்

டெலிவரி நாளில் எந்தப் பள்ளிப் பேருந்தும் நன்றாகத்தான் இருக்கும். புது மஞ்சள் பெயின்ட், ரெக்சின் வாசனை, கண்ணாடியில் சந்தனப் பொட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். பத்து வருடம் கழித்து அந்த வண்டி எப்படி இருக்கும் என்பதைச் சொல்லக்கூடிய பாகங்களோ அதற்குள் பிளைவுட்டுக்கு அடியிலும் தகட்டுக்குப் பின்னாலும் மறைந்துவிட்டிருக்கும். எங்கள் பள்ளியின் போக்குவரத்துப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. புது வண்டி எதுவானாலும், சேஸாக வந்து இறங்கும் நாளிலிருந்தே கூடவே இருந்து பார்ப்பேன்.

கார் வாங்குகிறவருக்கு இந்த வாய்ப்பு கிடையாது. கார் முழுசாக ஆலைக்குள்ளேயே உருவாகி, மூடிய கதவோடு வெளியே வருகிறது. பள்ளிப் பேருந்தை ஆலையிலேயே முழுசாகக் கட்டித் தருவதும் உண்டு. நாங்கள் சேஸ் மட்டும் வாங்கிக் கரூரில் பாடி கட்டுகிறோம். எங்கள் சேஸ் ஓசூரிலிருந்து வரும். இன்ஜின், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங், சக்கரங்கள், ஓட்டுநருக்கு ஒரு தற்காலிக இருக்கை, அவ்வளவுதான். தலையில் ஹெல்மெட், முகத்தைச் சுற்றித் துண்டு என்று வெயிலிலும் காற்றிலும் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், நாமக்கல் வழியாக அதை ஓட்டிக்கொண்டு வருகிறவர்களின் உழைப்பு பெரியது. வண்டி வந்து சேர்ந்ததும் அவர்களுக்கு முதலில் சாப்பாடு, பிறகுதான் கையெழுத்து.

கையெழுத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில உண்டு. சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸ் எண்ணைப் பென்சிலால் உரசித் தாளில் எடுத்து, இன்வாய்ஸில் உள்ள எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 17 எழுத்துகளில் பத்தாவது இடத்தில் ஆண்டைக் குறிக்கிறார்கள்: 2024-க்கு ஆர், 2025-க்கு எஸ், 2026-க்கு டி. மாதக் குறியின் இடம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டீலரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, டூல்ஸ், பேட்டரி எண், மீட்டரில் ஓடிய கிலோமீட்டர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, பட்டறைக்காரரும் நீங்களும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வது நல்லது. பட்டறையில் நிற்கும் காலத்துக்கும் இன்சூரன்ஸ் செல்லுமா என்பதை அன்றே கேட்டுவிடுங்கள்.

அடுத்து வருவதுதான் என்னைப் பொறுத்தவரை மொத்த வேலையிலும் முக்கியமான கட்டம். சேஸ் மேல் குறுக்கே கிராஸ் பேரர்களை வைத்து, யூ போல்ட் போட்டு இறுக்கி, அதன்மேல் தரை போடுவார்கள். 2012 ஜூலையில் சென்னை தாம்பரம் பக்கத்தில் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாகச் சாலையில் விழுந்து, பின்சக்கரத்தில் சிக்கி இறந்துபோனாள். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது. பள்ளி வாகனங்களுக்கென்று தமிழக அரசு தனிச் சிறப்பு விதிகள் கொண்டுவந்ததும் அதே ஆண்டில்தான். பள்ளி வாகனத்துக்குப் பொறுப்பாக இருக்கும் யாரும் அந்தக் குழந்தையை மறக்கக் கூடாது. மேட் ஒட்டிய தரையைப் பார்த்துத் திருப்திப்பட என்னால் முடியாததற்குக் காரணம் அவள்தான்.

ஒரு மேஸ்திரி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மேட் ஒட்டினதுக்கு அப்புறம் வந்தீங்கன்னா நாஞ் சொல்றதைத்தானுங்க நம்போணும். இப்பவே குனிஞ்சு பார்த்துருங்க சார்."

குனிந்து பார்க்கும்போது என்ன தெரிய வேண்டும்? வெல்டிங் சுற்றிலும் முழுசாக ஓடியிருக்கிறதா, இரண்டு பக்கம் பொட்டு வைத்து விட்டிருக்கிறார்களா? கசடைத் தட்டி எடுத்துவிட்டுப் பிரைமர் அடித்தார்களா, கசடின் மேலேயே அடித்தார்களா? கசடின் மேல் அடித்த பிரைமர் சீக்கிரமே உதிரும், அந்த இடத்திலிருந்துதான் துரு கிளம்பும். பின்சக்கரத்துக்கு மேலே உள்ள தகடு எவ்வளவு கனம் என்று தொட்டுப் பாருங்கள்; கல்லும் சேறும் தினம் அடிக்கும் இடம் அது. படிக்கட்டின் ஓரம் இன்னொன்று. மழைக்காலத்தில் குழந்தைகளின் செருப்போடு வரும் தண்ணீர் அங்கேதான் தேங்கி, பிளைவுட்டின் வெட்டு முனை வழியாக உள்ளே இறங்கும். அதனால் வெட்டு முனைகளுக்கும் பெயின்ட் அடிக்கச் சொல்வேன். மெக்கானிக் கைவிட்டு வேலை பார்ப்பதற்காகத் தரையில் வைக்கும் மூடிகள் எங்கெங்கே என்று படம் வரைந்து வாங்கிக்கொள்வேன். மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும். வெறுமனே மேலே வைத்த பலகையைப் பள்ளி வண்டியில் ஏற்கவே கூடாது.

சேஸ் சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போடுவதையும், சட்டத்தோடு நேரடியாக வெல்டிங் வைப்பதையும் தயாரிப்பாளர்களின் கையேடுகள் தடுக்கின்றன. அவசரத்தில் இதை மீறுகிற பட்டறைகள் உண்டு. அதேபோல் இப்போதைய பிஎஸ்-6 வண்டிகளில் வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரி இணைப்பையும் இன்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டியின் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் வைத்த வெல்டிங்கால் அந்தப் பெட்டி பழுதானால் செலவு பெரியது, காரணத்தைக் கண்டுபிடிப்பதும் கடினம். முதல் வெல்டிங் நாளன்று நான் காலையிலேயே பட்டறைக்குப் போவது இதற்காகத்தான்.

பக்கத் தூண்களும் கூரைக் கம்பிகளும் நின்ற பிறகு வயரிங் ஓடும். பேருந்து தீப்பற்றும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் இந்த நாளுக்குத்தான் போகும். இரும்பில் போட்ட துளை வழியாக வயர் போகிற ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஆட ஆட இரும்பு விளிம்பு வயரின் தோலை அறுத்துவிடும். சைலன்ஸர் பக்கம் வயர் போகக் கூடாது. கேமரா, கூடுதல் விளக்கு என்று பின்னால் சேர்க்கப்போகிற எல்லாவற்றுக்கும் இப்போதே ஃபியூஸோடு தனி வயர் இழுத்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு யாரோ பேட்டரியிலிருந்து நேராக இழுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

தினமும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம், நானும் கேட்கிறேன். வேலை நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள அது போதும். வேலையின் தரத்துக்கு நேரில் போவதைத் தவிர வழியில்லை. தரை மூடும் முன், பக்கத் தகடு மூடும் முன், சீட் பொருத்தும் முன் என்று மூன்று கட்டங்களையும் ஒப்பந்தத்திலேயே எழுதி, நான் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே அடுத்த தவணைப் பணம் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். நல்ல பட்டறைக்காரர்கள் இதற்கு முகம் சுளிப்பதில்லை. குறை ஏதும் கண்ணில் பட்டால் வேலையாட்கள் நடுவில் சத்தம் போடாமல் மேஸ்திரியிடம் தனியாகச் சொல்லுங்கள். அவருக்குத் தன் வேலை மேல் இருக்கும் பெருமைதான் நம் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு.

பெயின்ட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பட்டி காயும் முன் அடுத்த கோட் அடிக்க அவசரப்படுத்தாதீர்கள், போதும். ஜன்னல்களுக்குக் கிடைக்கம்பி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், நம்பகமான கதவுப் பூட்டு, பை வைக்க இடம், பள்ளியின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஆகியவை 1997-இலேயே உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியவை. பேருந்துக் கூடு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஏ.ஐ.எஸ்-052, பள்ளிப் பேருந்துக்கு ஏ.ஐ.எஸ்-063 என்று தேசியத் தரநிலைகளும் இருக்கின்றன; ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் நகலைப் பட்டறையில் கேட்டுப் பாருங்கள். படியின் உயரத்தை மட்டும் நான் என் வழியிலும் அளப்பேன். எங்கள் யு.கே.ஜி. குழந்தைகளின் முழங்கால் உயரத்தை டேப்பில் குறித்துக்கொண்டு போவது வழக்கம். அவசர வழிக் கதவை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறந்து பார்ப்பேன், சீட் பொருத்திய பிறகு இன்னொரு முறையும் பார்ப்பேன். சீட்டின் முதுகு கதவை மறைப்பது அப்போதுதான் தெரியவரும்.

காலம் முக்கியம். ஜூனில் பள்ளி திறக்கும், மே மாதத்தில் பள்ளி வாகனங்களின் ஆண்டு ஆய்வு வரும். எல்லாப் பள்ளிகளும் ஏப்ரலில் வண்டியை நிறுத்துவதால் பட்டறையில் நிற்க இடம் இருக்காது, நல்ல வெல்டருக்கும் தூங்க நேரம் இருக்காது. டிசம்பர், ஜனவரியில் சேஸ் போய்ச் சேர்ந்தால் நிதானமான வேலை கிடைக்கும். தற்காலிகப் பதிவு எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் அப்போதே காலண்டரில் குறித்து வையுங்கள்.

வண்டியை எடுக்கும்போது பட்டறையிலிருந்து படிவம் 22-ஏ, வயரிங் படம், தரை மூடிகளின் படம், பெயின்ட் எண் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். பிறகு ஒரு மாதம் குழந்தைகளோடு ஓடியதும் வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி, யூ போல்ட்டுகள் அத்தனையையும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்க வேண்டும். புது பாடி பாரத்தோடு ஓடி அமர்ந்த பிறகு அவை கொஞ்சம் தளர்வது இயல்பு. இதை டிரைவரிடம் வாய்மொழியாகச் சொல்லி விடாமல் சர்வீஸ் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள்.