அட்டையில் இருக்கும் ஆறு இலக்க எண்கள்

கேள்வி: என் கணவரின் கொள்ளுத்தாத்தா 1920களில் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்தவர். அவருடைய மாலுமி அட்டையின் நகல் கிடைத்திருக்கிறது. அதில் கப்பல் பெயர் ஒன்றுகூட இல்லை. ஆறு இலக்க எண்களும் தேதிகளும்தான் இருக்கின்றன. என்ன செய்வது?
– வாசகி, லிவர்பூல்

பதில்: கையில் இருப்பது சி.ஆர்.2 அட்டையாக இருக்கும். அந்த எண்கள்தான் கப்பல்கள். தேதி, அவர் வேலைக்குச் சேர்ந்த நாள். 1855 முதல் பிரிட்டனில் பதிவான கப்பல்களுக்குத் தனி எண் கொடுத்து, முதன்மை உத்தரத்திலேயே செதுக்கினார்கள். கப்பல் கைமாறினாலும் பெயர் மாறினாலும் எண் மாறாது. அதனால் பெயரைவிட எண் கிடைத்ததே நல்லது. ‘கிரூ லிஸ்ட் இண்டெக்ஸ் புராஜெக்ட்’ தளத்தில் எண்ணைக் கொடுத்தால் கப்பலின் பெயர் கிடைத்துவிடும்.

அடுத்து, அந்தப் பயணத்தின் பணியாளர் ஒப்பந்தத் தாளைத் தேடுங்கள். 1925 என்றால் கிரீனிச் தேசிய கடல்சார் அருங்காட்சியகம்; மற்ற ஆண்டுகளுக்குப் பெரும்பாலும் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மெமோரியல் பல்கலைக்கழகம். ஒரு பத்து சதவீதம் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தாளில் வயது, பிறந்த ஊர், சம்பளம் எல்லாம் இருந்தாலும், முதலில் பார்க்க வேண்டியது ‘முந்தைய கப்பல்’ என்ற பத்தியை. அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கப்பலாகப் பின்னோக்கிப் போகலாம். வயதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். வாய்மொழியாகச் சொன்னதைத்தான் எழுதிக்கொண்டார்கள்.

1918–21இலும் அவர் கடலில் இருந்திருந்தால், சி.ஆர்.10 அட்டையை அவசியம் தேடுங்கள். பெரும்பாலும் புகைப்படமே ஒட்டியிருக்கும். மூல அட்டைகள் சவுத்தாம்ப்டன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன.